தோசைக்கல்லருகே இரண்டு கிராந்தி மொழிகள்

பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து உணவகம். தோசைக்குக் காத்திருக்கிறேன். சமையல்காரர்களில் ஒருவர் லிம்பு பேசுகிறவர், மற்றவர் பந்தாவா பேசுகிறவர் என்று தெரிந்ததும் எழுந்து சமையலறை வாசலுக்கே போய்விடுகிறேன். இவ்விரண்டும் சேர்ந்த, கிழக்கு நேபாளத்தின் சின்னஞ்சிறு கிராந்தி மொழிக் குடும்பத்தில் எது எதற்கு நெருக்கம் என்றுதான் சென்னையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இவற்றைக் காதால் கேட்டதே இல்லை!

"ரெண்டு பேரும் நேபாளியள்தானே. இதிலை என்ன கிடக்கு?" என்கிறார் முதலாளி.

"ஒரு நிமிஷம், அண்ணே."

எனக்குத் தெரிந்த அரைகுறை நேபாளியில், உங்கள் வீட்டு மொழியில் மீனுக்கு என்ன பெயர் என்று கேட்கிறேன்.

"ஙா" என்கிறார் லிம்புக்காரர்.

"எங்களுக்கும் ஙா!" மற்றவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

இத்தனை நாளும் இருவரும் நேபாளியில்தான் பேசியிருக்கிறார்கள். இப்போது என்னை மறந்து ஒரு சொல் மாற்றி ஒரு சொல்லாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

"தோசை கருகுது!" முதலாளி கத்துகிறார்.

அடுப்பில் எரியும் நெருப்பைக் காட்டி, "இதற்கு?" என்கிறேன்.

"மி!" இரண்டு குரலும் ஒன்றாக வருகிறது.

பர்மிய மொழியிலும் நெருப்பு 'மி'தான்; பெரிய திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் பழைய பொதுச்சொல் அது. இதை வைத்துக் கிளை பிரிக்க முடியாது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

முதலாளி கருகிய தோசையை ஒரு தட்டில் போட்டு அவர்களிடம் நீட்டுகிறார். "அப்ப ரெண்டு பேரும் சொந்தக்காரர். இதைப் பங்குபோட்டுச் சாப்பிடுங்கோ. இவருக்கு வேறை ஒண்டு சுடுங்கோ."