ஓட்டை டோக்கன்

வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டாடி விற்கப்பட்ட பிறகு மலேசியாவின் ஈப்போ நகருக்கு வந்த நவமணி, 1983இல் ஒரு வீடியோ கேம் கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். டோக்கன் வாங்கிப் போட்டால்தான் அங்கே விளையாடலாம். ஒன்று இருபது காசு; வெள்ளிக்கு ஐந்து. முதலாளிக்குப் பக்கத்து ஊரான கம்பாரிலும் ஒரு கடை உண்டு. அந்தக் கடை டோக்கனின் நடுவில் ஓட்டை இருக்கும். ஈப்போ எந்திரத்தில் அது விழாது.

தீபாவளிக்கு முந்தின மாதம், ஓவர்டைம் பணம் முப்பது வெள்ளிக்குப் பதிலாக, மேனேஜர் சதாசிவம் அவளிடம் நூற்றைம்பது ஓட்டை டோக்கன்களைக் கொடுத்தார். கூட வேலை செய்த செல்லாயிக்கும் அப்படியே.

"கையில காசு இல்ல. கம்பார்ல வித்துக்க. அங்கயும் இருபது காசுதான்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். கம்பார் கடையில் பாதி எந்திரங்கள் ஓடவில்லை. விளையாட வந்தவர்களே மிச்ச டோக்கனை வாசலில் நின்று விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இருபது காசா? இங்க ஆறு காசுக்குத்தான் போகுது," என்றார் கவுண்டரில் இருந்த பிச்சைமுத்து. "உங்க சதாசிவம் போன வாரம் அந்த வெலைக்குத்தான் ரெண்டு பை வாங்கிட்டுப் போனாரு லா."

நவமணி டோக்கன் பையை இறுக்கிக் கட்டினாள். ஒன்றைக்கூட விற்காமல் திரும்பினாள்.

மறுநாள் மத்தியானம் கடை நிறைய ஆள். டோக்கன்களைக் கவுண்டரில் கொட்டினாள்.

"ஆறு காசுக்கு வாங்கி இருபது காசுன்னு எங்க தலையில கட்டுனீங்களா? அறுபது வெள்ளி எடுங்க. செல்லாயிக்கும் சேத்து."

"உள்ள வா, பேசலாம்."

"இங்கயே பேசலாம்."

"வேல வேணுமா, வேணாமா?"

அவள் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். இருபது எந்திரங்களும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஒரே டோக்கனில் ஒரு மணி நேரமாக ஆடிக்கொண்டிருந்தவன் கத்திக்கொண்டு வந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் கவுண்டரைச் சூழ்ந்தார்கள். சுவிட்சில் வைத்த கையை நவமணி எடுக்கவில்லை. சதாசிவம் அறுபது வெள்ளியை எண்ணி வைத்த பிறகுதான் மேலே தள்ளினாள்.

விஷயம் முதலாளிக்குப் போனது. அவர் சதாசிவத்தைத் திட்டிவிட்டு, நவமணியின் வேலையைப் பறித்தார். தன் பங்கு முப்பது வெள்ளியை வாங்கிக்கொண்ட செல்லாயி, தன் வேலையும் போய்விடுமோ என்று பயந்து, அதன் பிறகு தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவமணி நாலு கடை தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தாள். சதாசிவம் அங்கே தேத்தண்ணி குடிக்க வரும்போதெல்லாம், பாதி மேசையில் சிந்தும்படி கிளாசை அவர் முன்னால் அடித்து வைப்பாள். அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டதே இல்லை.