புத்தகம் முடியும் வரை

கடல் தாண்டி வந்த தமிழர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் கமலவேணி என்று பெயரைச் சொன்னாலே அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்துவிடுவார்கள். "புஸ்தகத்தக் கேக்காம அவ அடுப்பக்கூட ஊத மாட்டா" என்பார்கள். பொய்யில்லை. கல்யாணமான வருஷம் அவள் கணவன் கருணாகரன், மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த ஒருவரிடம் சொல்லிவைத்து, தடித்த சமையல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். மற்ற பெண்கள் நகைப்பெட்டியைத் திறந்து பார்ப்பார்களே, அப்படி அதைத் திறந்து பார்ப்பாள். வீசை, பலம் என்ற பழைய நிறைக் கணக்கு குழம்பிப்போய் ஒருமுறை கோளா உருண்டையில் காரம் ஏறி, வீடே தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்றது. விட்டாளா? மறுநாளே திரும்பச் செய்தாள். புத்தகத்தில் இருப்பது நாக்குக்கு வந்தே தீர வேண்டும், அவ்வளவு பிடிவாதம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று, நெய் போயிற்று, ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கருணாகரனின் கிராணி வேலையும் போயிற்று. அவன் கொல்லையில் மரவள்ளி நட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரைக்குப் போய், தகர டின்னில் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்து வந்தான். கமலவேணி மட்டும் மாறவில்லை. கறி என்று புத்தகம் சொன்ன இடத்தில் மரவள்ளியைத் துருவிப் போட்டாள். "கோளான்னு நெனச்சுக்கிட்டுச் சாப்பிடுடி" என்று மகள் மல்லிகாவை அதட்டுவாள். அந்தப் பெண்ணும் பாவம், நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் தெருவுக்குள் வேறொரு பயம் நுழைந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். போனவர்களில் ஒருவனிடமிருந்தும் தகவல் இல்லை. இந்தத் தெருக்களில் ஆள் காட்டிக் கொடுப்பவன் சேதுபதி. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ரோட்டு வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவன். இப்போது ஜப்பான்காரன் கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, வீடு வீடாக ஏறி ஆண்களின் பெயரை எழுதினான்.

கமலவேணி வீட்டுக்கு அவன் வந்த அன்று அடுப்பில் மரவள்ளிக் கோளா பொரிந்துகொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்னா தங்கச்சி, கறியா?"

"மரவள்ளிண்ணே."

நம்பாமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். அப்புறம் இன்னொன்று. சட்டியே காலியான பிறகு, அலமாரியில் இருந்த புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் விரலால் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பிரியாணி. வர்ற ஞாயித்துக்கிழம வாரேன். சாமான் நான் கொண்டாறேன், நீங்க ஆக்குங்க."

கருணாகரனின் பெயரை எழுத எடுத்த பென்சில் திரும்பவும் சட்டைப்பைக்குள் போயிற்று. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

சொன்னபடியே வந்தான். ஜப்பான்காரன் கிடங்கு அரிசி, நெய், உயிர்க்கோழி! அப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் புத்தகத்தைப் புரட்டி, அடுத்த வாரத்துக்கு விரல் வைத்துவிட்டுப் போவான். அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கருணாகரன் அந்த நாளில் பொழுது விடியுமுன்பே கிளேபாங்குக்குக் கிளம்பிவிடுவான். சட்டியில் மிஞ்சியதையும் தொடமாட்டான்.

"அவன் அரிசி எனக்குத் தொண்டையில எறங்காது, வேணி. நான் புக்கிட் ரம்பாய்க்குப் போயிடறேன். உன் தம்பி சுப்பையன் தோட்டம் காட்டோரமா இருக்கு. அங்க எவன் வந்து தேடப்போறான்?"

"நீங்க காணாமப் போனா என்னையில்ல புடிச்சுக் கேப்பான்? சும்மா இருங்க. புஸ்தகத்துல இன்னும் பாதி கெடக்கு. அது முடியிற வரைக்கும் அந்தத் தீனிக்காரன் உங்கமேல கை வைக்க மாட்டான்."

அப்படித்தான் அவள் நம்பினாள். ஆனால் முழுசும் அது மட்டுமில்லை. சொல்ல நாக்கு கூசுகிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள். நெய் உருகும் வாசனைக்காக, அரிசி களையும்போது கைக்குள் நழுவும் சுகத்துக்காக, புத்தகம் சொன்னதைச் சொன்னபடியே செய்து பார்க்கக் கிடைத்த அந்த ஒரு நாளுக்காக. சேதுபதி ருசித்துத் தலையை ஆட்டும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளிரத்தான் செய்தது. அட, பாவி மனுஷி!

ஒருநாள் அவன் கேட்டான். "உப்பு அருமையா இருக்கே. எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா? அவங்களே ஞாயித்துக்கிழம தவறாம கிளேபாங் போய்க் காய்ச்சி எடுத்தாறாங்கண்ணே" என்றாள், பெருமை தாங்காமல்.

"ஓகோ" என்று சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினான்.

தெருவில் ஆண்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு அஞ்சலையின் புருஷன் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவன் அப்படியே ஆள் பிடிக்கும் லோரியில் ஏற்றப்பட்டான். நெருப்புக்கும் கறிவேப்பிலைக்கும் நாளுக்கு நாலு தரம் வந்துபோகிற அஞ்சலை, அதற்குப் பிறகு இந்தப் படியை மிதிக்கவில்லை. கிணற்றடியில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது, முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒன் வீட்டுல நெய் வாசம் வந்தா நாங்க கதவச் சாத்திக்கிறோம், கமலவேணி. அவன் தெருவுல இருக்கான்னு அர்த்தம்."

கமலவேணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் பாதித் தண்ணீர் சிந்தியது. அன்றைக்காவது புருஷனைப் போகச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். அடுப்படியில் புத்தகம் நெய்ச்சோறும் மிளகுக் கோழியும் இருந்த பக்கத்தில் விரிந்து கிடந்தது. இந்த ஒரு வாரம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு கோழி எப்போதும் இல்லாத பதத்தில் வெந்திருந்தது. சேதுபதி நிதானமாகச் சாப்பிட்டான். அவள் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"எப்படியிருக்குண்ணே?"

"அசத்திட்டீங்க, தங்கச்சி. உப்பும் கச்சிதம். இனிமே உப்புக்குத்தான் என்னா பண்ணுவீங்களோ."

"ஏண்ணே?"

"காலையில லோரி கிளேபாங் பக்கமாத்தான் போச்சு. மேல ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான். நான் என்ன செய்ய? போன வாரமே பேரக் குடுத்தாச்சு."

போன வாரம் என்றால், அவன் இங்கே உட்கார்ந்து இதே தட்டில் தின்றுவிட்டுப் போன வாரம். அந்தக் கரண்டியாலேயே அவன் மண்டையைப் பிளந்திருக்கலாம். உள்ளே மல்லிகா பாய் முடைந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப... இத்தன நாளா ஆக்கிப் போட்டது?" என்றாள்.

"ஆக்கிப் போடுறத எதுக்கு நிறுத்தணும்?" அவன் இடது கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். "புஸ்தகம் இன்னும் முடியலயே. மல்லிகா வேற வளந்துட்டா. ஆம்பள இல்லாத வீடு, ஒரு தொண வேணாமா?"

தட்டை நீட்டினான். அவள் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

அன்று சாயங்காலம் கிளேபாங் கடற்கரையில் அவள் கண்டது அணைந்த அடுப்பும் கவிழ்ந்த டின்னும்தான். மணலில் உப்பு கொட்டிக் கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் மல்லிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு, புக்கிட் ரம்பாய்க்கு நடந்தாள். புத்தகம் அடுப்படியில், சேதுபதி விரல் வைத்த பக்கத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகு எந்தச் சமையல் புத்தகத்தையும் அவள் கையால் தொட்டதில்லை.

மரவள்ளிக் காட்டைத் தாண்டி சுப்பையனின் குடிசை. பக்கத்தில் சின்னதாக ஒரு புதுக் கொட்டகை. உள்ளே மூங்கில் கட்டில், அதன்மேல் சுருட்டி வைத்த பாய், மூலையில் தண்ணீர்ப் பானை. கருணாகரன் எப்போதோ ஒளிய இடம் கேட்டுச் சொல்லியனுப்பியபோதே தம்பி கட்டி முடித்திருக்கிறான். வீட்டிலிருந்து இரண்டு மணி நேர நடை, அவ்வளவுதான்.

சுப்பையன் ஓடி வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான். அக்காவின் தோளுக்கு மேலே எட்டி, அவள் வந்த பாதையைப் பார்த்தான்.

"மச்சான் பின்னால வாராராக்கா?"