ஐந்து கோயிலும் தங்கச்சி வீட்டு வாசற்படியும்

மகா சிவராத்திரி நெருங்கும்போது கோகிலாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கக் கூடாது. சங்கரன்கோவிலில் மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய தையல் கடை இருக்கிறது. அந்த வாரம் முழுக்க மிஷின் சும்மா கிடக்கும். அவள் போனும் கையுமாக வேனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பாள். வரவில்லை என்று சொன்னால் ரவிக்கை இன்னும் தாமதமாகும். நான் முதல் தடவை வேனில் ஏறியது ரவிக்கைக்காகத்தான். பக்தியெல்லாம் பிறகு வந்தது.

எங்கள் பக்கத்தில் பஞ்சபூதங்களுக்கும் ஆளுக்கொரு சிவன் கோயில் உண்டு. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம், தாருகாபுரம் நீர். ஐந்தையும் சிவராத்திரியன்று ஒரே நாளில் கும்பிட்டுவிட்டால் விசேஷம் என்பார்கள். கோகிலா இதை வருஷா வருஷம் விடாமல் செய்கிறாள். எந்த ராஜா கட்டியது, எத்தனை வருஷத்துக் கல் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கேட்டவர்களை ஒரு மாதிரி பார்ப்பாள். சந்நிதியில் நின்றால் பக்கத்து வீட்டு மனுஷரிடம் பேசுகிற மாதிரி சாமியிடம் பேசுவாள். பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பேச்சு முடியாமல் நகர மாட்டாள்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. கோயில் முடிந்தால் நேரே அவரவர் வீடு. நடுவில் இன்னொருத்தர் வீட்டுப் படியை மிதித்தால், கும்பிட்ட பலன் முழுக்க அந்த வீட்டிலேயே தங்கிவிடும். எல்லா வீட்டிலும் சொல்கிற சங்கதிதான், ஆனால் இவளைப் போல யாரும் கண்டிப்பாக நடத்துவதில்லை. திரும்புகிற வழியில் புளியங்குடியில் என் அண்ணன் வீடு. வண்டி அவன் வாசலைத் தாண்டித்தான் போகும். ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ள இறங்கட்டுமா என்று கேட்டேன். நாளைக்கு பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள் என்றுவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் அண்ணன் வீட்டுக்கு ஒரு நியாயம், தங்கச்சி வீட்டுக்கு ஒரு நியாயம் என்று வைக்கிறவள் இல்லை அவள். தங்கச்சி பேச்சித்தாயைக் கட்டிக்கொடுத்தது வாசுதேவநல்லூரில். அதுவும் எங்கள் வழிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேன் வருகிற நேரம் தெரிந்து, பேச்சித்தாய் விரதக்காரர்களுக்கென்று அவல் நனைத்து வெல்லம் போட்டு வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். கோகிலா ஜன்னல் வழியாகவே, “கோயிலுக்குப் போயிட்டு வாரோம்ட்டி, இன்னொரு நாளைக்கு வாரேன்” என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலமே பேச்சித்தாய் போன் செய்து, “என் வீட்டுப் படிய மிதிச்சா உன் புண்ணியம் கொறஞ்சு போயிரும்னா, நீ எந்த நாளும் மிதிக்க வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோட்டிக்காரி, இரண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்றாள் கோகிலா. ஆகவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த வருஷம் வாசுதேவநல்லூர் வந்தபோது கோகிலா மறுபக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கடையில் என் ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது, தான் செய்தது தப்பா என்று கேட்டு அழுதாள்.

போன வருஷம் சிவராத்திரிக்குச் சில நாள் முன்னால் பேச்சித்தாயின் வீட்டுக்காரர் கோகிலாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பேச்சித்தாய்க்கு வயிற்றில் கட்டி, மதுரையில் ஆபரேஷன், நாள் குறித்தாகிவிட்டது. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அவள் தடுத்திருந்தாளாம். அந்தப் பயணத்தில் ஆட்களை எண்ணி ஏற்றுகிற வேலையைக்கூடக் கோகிலா என்னிடம் விட்டுவிட்டாள். ஒவ்வொரு சந்நிதியிலும் நின்றாள் நின்றாள், அப்படி நின்றாள். தாருகாபுரத்தில் வண்டி ஏறியதும் டிரைவர் ஆஷிக் அலியிடம் வாசுதேவநல்லூரில் நிறுத்தச் சொன்னாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாரும் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, காலையில் சங்கரன்கோவிலில் நோய் தீரப் பிரசாதமாக வாங்கிய புற்றுமண் பொட்டலத்தோடு அவள் மட்டும் இறங்கினாள்.

பேச்சித்தாய் கதவைத் திறந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அக்காவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள்.

“கோயில்ல இருந்து நேரே இங்கனயா வாரே?”

“ஆமாட்டி. நேரே இங்கனதான் வாரேன். தள்ளு.”

தங்கச்சி தள்ளி நின்றாள். கோகிலா வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். எலுமிச்சம்பழத்துக்காக வருஷக்கணக்கில் பொருமிக்கொண்டிருந்த நான் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இந்த வருஷம் பேச்சித்தாய் முந்தின நாளே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வேனில் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, ஐந்து கோயிலுக்கும் எங்கள் கூடவே வந்தாள். கோகிலாவின் தையலைக் குறை சொல்லிக்கொண்டே வந்ததால் எங்களுக்கும் நன்றாகப் பொழுது போயிற்று. வாசுதேவநல்லூரில் வண்டி நின்றதும் தங்கச்சிக்குப் பின்னாலேயே கோகிலாவும் இறங்கினாள். போன வருஷம் போலவே செய்யப்போகிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. பேச்சித்தாய்க்கும் புரிந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று நடந்து முதலில் படியேறி, திரும்பி, இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மறித்து நின்றாள்.

“நீ உள்ள வராதே.”

கோகிலாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

“போன வருசம் நீ கொண்டாந்து வச்சதுலதான் நான் எந்திரிச்சு நடமாடுதேன். இந்த வருசத்தத உன் வீட்டுக்குக் கொண்டு போக்கா. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டாமா?”

கோகிலா படியை மிதிக்காமல் தெருவிலேயே நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியாது, இரண்டும்தான். பேச்சித்தாய் உள்ளே போய், மகளை நனைத்து வைக்கச் சொல்லியிருந்த அவலைப் பெரிய தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, வாசலுக்கு வெளியே நீட்டி அக்கா கையில் கொடுத்தாள். வெல்லம் தூக்கலாக இருந்தது.