மாப்பிள்ளைகள் பால் குடித்த வெள்ளிக் குழல்

என் மனைவியின் வீட்டுக்கு வரும் எந்த மாப்பிள்ளையும் முதல் பாலை ஒரு வெள்ளிக் குழலால் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். கல்முனையில் வேறெந்த வீட்டிலும் இந்த வழக்கத்தை நான் கண்டதில்லை. குழல் ஒரு சாணுக்கு மேல் நீளம். மொட்டையான நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் பக்கவாட்டில் இரண்டு துளைகள். உதடு படும் முனையில் இரண்டு சிறு வளையங்கள். என் மாமியாரின் பாட்டனார், மாமி சொல்லும் மூத்தவாப்பா, ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்தது என்பார்கள்.

மகளின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பத்திரிகையில் எழுதலாமென்று அதைப் படம் எடுத்து, பழைய வெள்ளிச் சாமான் சேர்க்கும் மட்டக்களப்பு டொக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“இது கதீற்றர். ரப்பர் வாறதுக்கு முந்தி, ஆம்பிளையளுக்கு மூத்திரம் அடைச்சா இதைத்தான் உள்ளுக்கு விடுறது. வளையத்தில நாடா கட்டி இடுப்போட இறுக்கிறது. நல்லாப் பாவிச்ச சாமான், நுனி தேஞ்சிருக்கு. தொட்ட கையைக் கழுவுங்க!”

நான் வாயைக் கழுவினேன், இருபத்தைந்து வருடம் பிந்தி. என் கல்யாணத்தன்று பாலில் ஓர் உப்புக் கரிப்பு இருந்தது. வெள்ளியின் ருசி என்று அன்று நினைத்தேன்.

மாமியிடம் சொன்னேன். முகம் மாறவில்லை.

“மூத்தவாப்பா என்ன வேலை செய்தவர், மாமி?”

“ஆஸ்பத்திரியில. வெள்ளக்கார டொக்டர்ட கைக்குள்ள நிண்டவர்.”

“ஹஜ்ஜுக்குப் போனவரா?”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “போகத்தான் நெனச்சிருந்தவர்.”

“அப்ப வாற மாப்பிள்ளைக்கு இது வேணாம், மாமி.”

“மூணு தலைமுறை மாப்பிள்ளைமார் குடிச்சிரிக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல. இப்ப இத எடுக்காட்டி ஏனெண்டு கேப்பாங்க. நீங்களா சொல்லப் போறீங்க? உங்கட வாயிலயும் பட்டதுதானே.”

பிறகு குழலைப் பானையில் போட்டு அவித்தார். மூடியைத் திறந்து என்னைப் பார்க்கவும் சொன்னார். கொதிநீரில் அது புரண்டுகொண்டிருந்தது. எந்த நீரும் எனக்குப் போதவில்லை.

கல்யாணத்தன்று கிளாஸைப் பிடிக்கும் வேலை எனக்கு. வீட்டின் மூத்த மருமகன்தான் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, ஆசிரியர். குழலை வாயில் வைப்பதற்கு முன் என் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டார்:

“மாமா, இது மக்காவில இருந்து வந்ததாமே?”

சுற்றிலும் கைபேசிகள். கதவடியில் மாமி. அந்தப் பிள்ளை கேட்டது என்னிடம் மட்டும்தான்.

“ஓம், மகன்,” என்றேன்.

அவர் பிஸ்மி சொல்லி உறிஞ்சினார். கடைசிச் சொட்டுவரை இழுத்து, உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டார். நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.