சின்னப் பசுவின் பெரிய கன்று

அந்த மாட்டு டொக்டரை நான் ஒரேயொரு முறைதான் சந்தித்தேன்.

பால் கூடக் கிடைக்குமென்று எங்கள் சின்ன நாட்டுப் பசுவுக்குப் பெரிய வெளிநாட்டு இனத்தின் சினை ஊசி போட்டிருந்தோம். கன்று அளவுக்கு மீறி வளர்ந்து, ஈனும்போது இடுப்பில் சிக்கிவிட்டது.

நரைத்த தாடிக்காரரான டொக்டர், எங்களோடு பேசும்போதும் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அண்ணனை நாங்கள் காக்கா என்போம்; அவர் கத்தியோடு நின்றார். பசு தானாகச் செத்தால் இறைச்சி ஹராம்; அதற்கு முன் அறுத்தால்தான் உண்ணலாம்.

"டொக்டர், அறுப்பமா?"

"பொறுங்க காக்கா. கத்திய மறைங்க, மாடு பாக்குது."

கன்றின் முன்கால்களில் கயிறு கட்டி, பசு முக்கும்போதெல்லாம் இழுத்தார். கன்று வழுக்கி விழுந்து தும்மியது.

டொக்டர் காக்காவிடம் கை நீட்டினார். "இப்ப அந்தக் கத்தியக் கழுவித் தாங்க. தொப்புள்கொடி வெட்டணும்."

அந்தக் குரலில் இருந்தது கோபமா, நிம்மதியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.