ஏணிக்காரரின் மீதிப் பக்கம்

ஆண்டுதோறும் அமெரிக்காவிலிருந்து ஒரு மரப்பெட்டி ஆம்பூருக்கு வரும். எங்கள் மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்குள்ள சபையார் அனுப்பும் கிறிஸ்துமஸ் பெட்டி. பொம்மை, சோப்பு, கைக்குட்டை எல்லாம் இருக்கும். வழியில் எதுவும் உடையாதிருக்க, இடுக்குகளில் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். பொருள்கள் பிள்ளைகளுக்கு; தாள்கள் பெட்டியைத் திறந்து அடுக்கித் தரும் உபாத்தியாயருக்கு. அந்த உபாத்தியாயர் என் அப்பா. அம்மா அந்தத் தாள்களை நீவிச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். அவள் விரிப்பதற்குள் அண்ணனும் நானும் அவற்றைப் படித்து முடித்துவிட வேண்டும்.

சினிமா பாவம் என்று ஞாயிறுதோறும் எங்களுக்குச் சொல்லித்தந்த தேசம் அது. அதே தேசத்திலிருந்துதான் அந்தச் சினிமாத் தாள்களும் வந்தன. பாடகர்கள், நடிகர்கள், சிரிப்பு நடிகர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் கதைகள் அவற்றில் இருக்கும். ஆள் மாறுமே தவிரக் கதை மாறாது. தகப்பன் இல்லாத வீடு, துணி தைத்துப் பிழைக்கும் தாய், பசி, முதல் மேடையில் கேலி, வேலையிலிருந்து துரத்தப்படுதல். அந்த இடத்தில் தாள் முடிந்துவிடும். மீதி பின்னால் வேறொரு பக்கத்தில் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கம் எங்களுக்கு வந்ததே இல்லை. அது திருப்பத்தூருக்கோ கலவைக்கோ போன வேறொரு பெட்டியில், வேறொரு பொம்மையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று நான் கேட்பேன்.

"இன்னா ஆவும்? கம்பெனிக்காரன் ஒருத்தன் பாத்துட்டு கூட்டிப் போயிருப்பான். காரு, மாளிகை, அம்மாவுக்குப் பட்டு கவுனு," என்பான் அண்ணன்.

எல்லாக் கதைகளின் முடிவையும் எனக்குச் சொன்னவன் அவன்தான். அவை எதுவும் அச்சில் இருந்ததில்லை என்பது அந்த வயதில் எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அவர்களுள் ஒருவரை நாங்கள் ஏணிக்காரர் என்று அழைத்தோம். ஊர் ஊராகப் போகும் ஒரு கூத்துக் குடும்பத்தில் பிறந்து பேசாப் படத்துக்கு வந்தவர். எதன்மேலும் சாய்க்காத ஏணியில் ஏறுவார். ஒவ்வொரு படியிலும் நின்று, யாரோ எதிரில் வருவதுபோல் தொப்பியைக் கழற்றி வணங்குவார். உச்சியிலிருந்து விழும்போதும் முகம் மாறாது. வறண்ட பாலாற்று மணலில் போட்டிருந்த டூரிங் கொட்டகையில் அவருடைய படம் ஒன்றைப் பார்த்தோம். அன்றிலிருந்து அண்ணன் பள்ளி மூங்கில் ஏணியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பழக ஆரம்பித்தான்.

அவன் ஆசிரியப் பயிற்சி முடித்த சமயம் அப்பா ஓய்வு பெறவேண்டிய வயதை எட்டியிருந்தார். நாங்கள் குடியிருந்தது மிஷன் காம்பவுண்டு வீடு. மகன் தகப்பனின் வேலையில் சேர்ந்தால் வீடு தொடரும். சேராவிட்டால் காலி செய்யவேண்டும். பள்ளியை நடத்திய அமெரிக்க மிஸ்ஸியம்மா அதைக் கோபமின்றித் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

அண்ணனோ கொட்டகையில் சேர்ந்தான். அங்கே ஒரே ஒரு இயந்திரம்தான். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை தோல் மண்டி ஆட்கள் விசிலடித்துக் கூரையைப் பிய்ப்பார்கள். அந்த நேரத்துக்கு ஒரு பயில்வானையோ ஆட்டக்காரியையோ நிறுத்துவது வழக்கம். கொட்டகைக்காரரான சாயபு அண்ணனை ஏணியோடு நிறுத்தினார். "ஜனங்க எழுந்து போவாம பாத்துக்கோ வாத்தியாரே, அது போதும்," என்றாராம்.

நான் ஒரே ஒரு மாலை போய்ப் பார்த்தேன். அவன் நன்றாகவே செய்தான். இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். மூன்றாம் படியில் அவன் தொப்பியைக் கழற்றியதும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய கைகளைத் தட்டி முன்வரிசை சிரித்தது. விழுந்தபோது என் அருகிலிருந்த அம்மாள், "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ!" என்று மார்பில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள்.

மிஸ்ஸியம்மா பொறுத்துப் பார்த்தார். அப்பாவுக்கு ஒருமுறை நீட்டிப்புக் கொடுத்தார், மறுமுறையும் கொடுத்தார். அந்த இடைவெளியில் நான் சென்னைக்கு, இலக்கியம் படிக்கப் போனேன். பேசும் படம் ஆம்பூருக்கு வந்தது.

அண்ணனுடைய பகல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அம்மா கொட்டகைக்குப் போன ஒரு நாள், சாயபு அவனிடம் பேசியதை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

"ஏணியை ஓரமா வெச்சிடு தம்பி. ஜனங்களுக்கு இப்ப பாட்டு வேணும். நீ பாடுவியா?"

"பாட வராது பாய்."

"அப்ப இன்னாத்துக்கு பேஜார்? அப்பா வேலை காத்துக்கினு இருக்குது. போய் சாக்பீஸ் புடி. தலையில அடிபடாத உத்தியோகம்."

"ஏணிக்காரரும் இதைத் தாண்டித்தானே வரணும்? அவர் இன்னா பண்றாருன்னு பாத்துட்டு நானும் பண்றேன்."

சாயபு அம்மாவைப் பார்த்தாராம். "உங்க புள்ள அமெரிக்காக்காரனைக் கேட்டுத்தான் சோறு தின்னுவானாம்மா?"

அந்த ஆண்டு பெட்டி வரவில்லை. அமெரிக்காவில் சபையாருக்கே பணக்கஷ்டம் என்று மிஸ்ஸியம்மா ஜெபக்கூட்டத்தில் அறிவித்தார். அண்ணன் அடுத்த பெட்டிக்காகக் காத்திருந்தான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பதில் வேண்டும் என்று மிஸ்ஸியம்மா இறுதியாகச் சொல்லியனுப்பினார்.

எங்கள் கல்லூரி வாசகசாலையில், அமெரிக்கப் பேராசிரியை ஒருவர் கொடுத்த வார இதழ்கள் தைத்து வைக்கப்பட்டிருக்கும். எல்லாப் பக்கங்களும் வரிசையாக உள்ள அமெரிக்கப் பத்திரிகையை நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். ஒரு மழை நாளில் அவற்றுள் ஏணிக்காரரின் முகம் கிடைத்தது. பேசும் படம் வந்ததும் அவருடைய குரல் கீச்சென்று இருந்ததால் கம்பெனி அவரை விலக்கியிருந்தது. மனைவி பிரிந்தாள்; மாளிகை விலைபோயிற்று; குடி சேர்ந்தது. கடைசியாகப் பிறர் படமொன்றில் அவருக்குச் சிறு வேடம் கிடைத்தது. ஏணியில் ஏறும் வேறொருவனுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும் வேடம். கட்டுரை அத்தோடு முடிந்தது. கீழே ஒரு கோடு. கோட்டின் கீழ் சோப்பு விளம்பரம்.

இதழின் தேதியைப் பார்த்தேன். அண்ணன் கொட்டகையில் சேர்வதற்கு முன்பே அது வெளிவந்துவிட்டது. பெட்டிக்குள் திணித்த தாள்கள் எங்களுக்கு வரும்போதே பழையவை. நாங்கள் மணலில் உட்கார்ந்து பார்த்த படம் அவற்றினும் பழையது. ஏணிக்காரரை இறக்கிவிட்ட பிறகே என் அண்ணன் ஏறியிருக்கிறான்.

இதழை வெளியே கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே கட்டுரை முழுவதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். கோடையில் வீட்டுக்குப் போனதும் அவனிடம் கொடுத்தேன். வெளி அறையில் அப்பா வேதாகமத்தைப் படிக்காமல் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் நின்றபடியே படித்தான். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தான். வெறுமையாக இருந்தது.

"மீதி எங்க பாப்பா?"

"மீதி இல்லண்ணா. அவ்வளவுதான்."

"இது நடுவுல நிக்குது."

"இல்ல. கீழ கோடு போட்டிருந்தது. அதுதான் முடிவு."

"எந்தக் கதையிலயும் இந்த இடத்துக்கு அப்புறம்தான் தூக்கிவிட ஒருத்தன் வருவான். நாம எத்தினி படிச்சோம்? எல்லாம் இப்படித்தான் நின்னுச்சு."

"நம்மகிட்ட தாள் இல்லாததால நின்னுச்சு. கதை நின்னுச்சுன்னு அர்த்தமா? முடிவெல்லாம் நீதான் சொன்னே."

அவன் என் கையெழுத்தைக் கூர்ந்து பார்த்தான். "இது நீ எழுதினதுதானே?"

"ஆமா."

"மீதியை எழுதாம வந்துட்டே. அப்பா எழுதாதேன்னு சொன்னாரா?"

வெளி அறையிலிருந்து அப்பா எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அம்மாதான் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள்.

"கூடப் பொறந்தவளைப் பொய்க்காரின்றியாடா? அந்த வெள்ளைக்காரன் உனக்கு இன்னா மாமனா, மச்சானா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அடுத்த பெட்டி வரட்டும்."

நான்கு பக்கங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்பது ஒன்றுதான் என்னைப் பற்றி நான் நம்பியிருந்தது. அதை என் வீட்டிலேயே ஒருவன் நம்பவில்லை. எல்லாம் பாதியிலேயே நிற்பதற்கு அவனைப் பழக்கியவை அந்தத் தாள்கள் என்று இன்று என்னால் விளக்க முடிகிறது. விளக்கியதால் எதுவும் ஆறிவிடவில்லை.

ஜூனில் வேலை விரிஞ்சிபுரத்திலிருந்து வந்த வேறொருவருக்குப் போயிற்று. அவர் சாமான்களோடு வந்த வண்டியிலேயே எங்கள் சாமான்களை ஏற்றினோம். இரட்டை வாடகை எதற்கு என்று வண்டிக்காரரே யோசனை சொன்னார். அம்மா அலமாரித் தட்டுகளைத் துடைத்து, எண்ணெய்க் கறை படிந்த அமெரிக்க முகங்களைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அண்ணன் ஏணியைத் தோளில் வைத்தான். "அது பள்ளிக்கூடத்தோடது," என்றார் அப்பா. அவனிடம் அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். அவன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

இப்போது தோல் மண்டிகளுக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம், மூடினால் அடுப்புப் புகை. மறு ஆண்டு பெட்டி வந்தது. அதைத் திறந்தவர் புது உபாத்தியாயர். தாள்களைக் கேட்டுப் பார்க்கலாமா என்று அண்ணன் அம்மாவிடம் கேட்டான். அம்மா அடுப்பை ஊதப் போனாள். அவன் போய்க் கேட்கவில்லை.

சென்ற விடுமுறையில் தெருவில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. இருபுறமும் படம் எழுதிய பலகை கட்டிய மாட்டுவண்டி. பலகைகளுக்கு நடுவே அண்ணன் நின்று, அன்றைய பேசும் படத்தின் நோட்டீசுகளை வீசிக்கொண்டு போனான். எங்கள் வாசலைக் கடக்கும்போது வேறு பக்கம் திரும்பி நின்றான். அப்பா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வண்டி போனதும் அம்மா இறங்கிப்போய் வாசலில் விழுந்திருந்த நோட்டீசுகளைப் பொறுக்கினாள். மண்ணைத் தட்டி, நீவி, உள்ளே கொண்டுவந்து, எழுத்து கீழே இருக்கும்படி அலமாரித் தட்டில் விரித்தாள். அதன்மேல் உப்புச் சாடியை வைத்தாள்.