வேலிக்கரை வாய்க்கால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நானும் அதை அப்படியே எழுதிப் புள்ளி வாங்கினேன். மாரியில் வழுக்கையாறு ஓடுகிறதே என்று கேட்டால், அது ஆறில்லை, வெள்ளம் வடிகிற பாதை என்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் அதில் மாடு மேயும். மழை அடித்துப் பெய்தால்தான் அதற்குத் தன் பெயர் ஞாபகம் வரும். மேற்கே ஓடிப்போய்க் கடலேரியில் விழும். அந்த ஆற்றுக்கே இந்தக் கதி என்றால், அதில் போய்ச் சேருகிற எங்கள் வாய்க்காலை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. உடுவிலுக்கு மேற்கே தோட்டங்களுக்கு நடுவால் வளைந்து வருகிற ஒரு பள்ளம், அவ்வளவுதான். முதலில் அண்ணையின் வளவைத் தொட்டு, பிறகு என் வேலிக்கரையால் இறங்கி, வயலுக்குள் புகுந்து ஆற்றில் சேரும்.

அந்த வாய்க்காலை நெரித்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சுற்றி வளைக்கத் தேவையில்லை.

கோடையில் அதன் அடி பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாய் ஓடலாம், அவ்வளவு அகலம். கார்த்திகையில் முதல் தண்ணீர் வருவதைப் பார்க்க வேண்டும். சருகையும் நுரையையும் செத்த நத்தை ஓடுகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். சின்ன வயதில் நானும் அண்ணையும் அதற்குப் பக்கத்தில் நடந்து ஆறுவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம். இரண்டு நாளில் தவளை கத்தும். ஒரு கிழமையில் மீன் தெரியும். மீன் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால், ஆற்றிலிருந்து தண்ணீரை எதிர்த்து ஏறி வருகிறது என்பார் அண்ணை. அதன் பின்னால் கொக்கு வரும். தை பிறக்கத் தண்ணீர் மெல்ல மெல்லக் காணாமல் போகும். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வாய்க்காலில் நின்ற தண்ணீர் அந்தக் கல்லின் பொந்துகளால் இறங்கிக் கிணறுகளுக்குப் போய்விடும். வாய்க்கால் ஒரு மாதம் ஓடினால் ஆவணிவரைக்கும் எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். ஓடாவிட்டால் பங்குனியிலேயே தேத்தண்ணி உவர்க்கும்.

என் கலியாணத்துக்கு அண்ணை வளவை இரண்டாய்ப் பிரித்தார். வாய்க்கால் இறங்கிப் போகிற பக்கமென்றாலும் மேடான பாதி எனக்குச் சீதனம், பள்ளம் அவருக்கு. "மாரியிலை தவளை என்ரை முற்றத்திலை கத்தட்டும், உன்ரை நித்திரை குழம்பாது" என்று பகிடி விட்டார். பாதியாய்ப் பிரித்ததாகத்தான் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. நல்ல பாதியை எனக்குத் தந்தார் என்று எந்த உறுதியிலும் எழுதமாட்டார்கள்.

பிறகு சண்டை, இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது ஊரில் ஒரு வேலியும் மிஞ்சவில்லை. ஆளாளுக்கு ஞாபகத்தை வைத்து அடைத்தோம். ஞாபகம் எப்போதும் தன் பக்கத்துக்குத்தான் அளக்கும். வேலிக்குக் கதியால் தடி நடுகிறவர் என் கணவர், இடம் காட்டுகிறவள் நான். வாய்க்கால் பக்கம் இன்னும் ஓரடி தள்ளிப் போடச் சொன்னேன். அண்ணையின் எல்லையில் ஒரு விரல் தள்ளியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். வாய்க்கால் வழக்குக்குப் போகாது, படலையில் வந்து நின்று ஏசாது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வேலி புதுக்கும்போதெல்லாம் இன்னும் அரையடி. பழைய குசினியை இடித்த கல்லையும் மண்ணையும் அங்கேதான் கொட்டினோம். அதன்மேல் வாழை வைத்தேன். வண்டல் மண்ணில் வாழை செழித்தது, கிளுவைக் கதியால்களும் வாய்க்காலுக்குள் வேர் விட்டன. கடைசியில் ஓரெட்டில் தாண்டக்கூடிய அளவுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டேன். என் கெட்டித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

இரண்டு மாரிக்கு முதல் அண்ணையின் வீட்டுக்குள் முதல்முறையாகத் தண்ணீர் ஏறியது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், நெல் மூட்டைகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு விடிய விடியக் கதிரையில் குந்தியிருந்தா. "ஆறு நிரம்பிப் போச்சுது போல, அதுதான் ஏறி அடிக்குது" என்றார் அண்ணை. நானும் ஓம் என்றேன். எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த மாரி இன்னும் மோசம். மழை விட்டதும் அண்ணை மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார். அறுபத்தெட்டு வயது. மூன்று நாள், காலையிலிருந்து பொழுதுபடும்வரை, முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வெட்டினார். மூன்றாம் நாள் பின்னேரம் என் படலைக்கு வந்தார். காலெல்லாம் சேறு என்று உள்ளே வரவில்லை. தேத்தண்ணி கேட்டார்.

"எப்பிடி அண்ணை, ஓடுதோ?" என்று கேட்டேன்.

"ஓடுது, ஓடுது. மெல்ல, ஆறுதலாத்தான் ஓடுது."

"எதிலை அடைச்சிருக்கு?"

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "உது அடைப்பில்லை பிள்ளை. தண்ணிக்கும் வயசு போயிட்டுது." பிறகு, "வாழை குலை போட்டிட்டுதோ?" என்று கேட்டார். போட்டிட்டுது என்றேன். "நல்லது" என்று சொல்லி, கிளாசைத் தந்துவிட்டுப் போனார்.

ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல். கெண்டைக்கால் உளைவு என்றார். வேலை செய்த உளைவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளத்துக்குள் நின்றவரோ என்று டொக்டர் கேட்டார். "ஓம், வாய்க்கால் வெட்டினவர்" என்று மச்சாள் சொன்னா. எலிக்காய்ச்சல். காலில் இருந்த சின்ன வெட்டுக் காயத்தால் ஏறியிருக்கும் என்றார்கள். ஐந்தாம் நாள் அண்ணை போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், அவருடைய வளவிலிருந்து வாய்க்கால் வழியே நடந்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. அவர் வெட்டின இடமெல்லாம் அப்படியே தெரிந்தது. இரண்டு கரையும் செப்பமாய்ச் சீவி, அடியைச் சமமாக்கி, அள்ளின சேற்றைக் கரையில் குவியல் குவியலாய் வைத்திருந்தார். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வேலி தொடங்கும் இடத்தில் வெட்டு நின்றுவிட்டது. கடைசி மண்வெட்டித் தடத்துக்கும் என் முதல் கதியாலுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். கிளுவை வேர்கள் வாய்க்காலை நிறைத்து நின்றன. ஒரு கத்தி இருந்தால் அரை மணித்தியால வேலை. ஒரு வேரில்கூட வெட்டுக் காயம் இல்லை. தங்கச்சியின் வேலி என்று விட்டுவிட்டு, மேலே ஏறி வந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார்.

நான் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இருந்து குழறி அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படிக் குழறவில்லை.

ஆடியில் இரண்டு பேரைப் பிடித்துக் கதியால்களை அலவாங்கால் கிளப்பினேன். வாழையைத் தறித்தேன், கல்லையும் மண்ணையும் அள்ளுவித்தேன். பழைய எல்லை எதுவென்று என் கணவர் கேட்டார். ஒரு தயக்கமும் இல்லாமல் காட்டினேன். அது எனக்கு ஒருநாளும் மறந்திருக்கவில்லை.

இந்த மாரியில் வாய்க்கால் ஓடியது. அண்ணையின் வீட்டு வாசற்படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. மச்சாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தா: "அவரின்ரை தங்கச்சி தன்ரை சீதனக் காணியை வாய்க்காலுக்கு விட்டுத் தந்திட்டா." கோயிலில் ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எனக்கு நிலத்துக்குள் புதைந்து போகலாம் போல இருந்தது.

போன கிழமை மச்சாள் வந்து வேலிக்கரையில் என்னோடு நின்றா. தண்ணீர் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. "உம்மடை காணியை இப்பிடி ஆர் விட்டுக் குடுப்பினம்?" என்று கேட்டா. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"மச்சாள், அது என்ரை காணியே இல்லை. வாய்க்காலின்ரை காணி."

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டா. கண் நிறைந்துவிட்டது. "உம்மடை அண்ணையும் உப்பிடித்தான்" என்றா. "தன்ரை எண்டு ஒண்டையும் சொல்லமாட்டார்."

அதை இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.